பருத்த மரத்தின் விதை பருக்குமா? பைன் இனவிருத்தி பற்றி வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பைன் மரத்தைப் பற்றியவை. பதிலில் வேறு நாட்டைக் குறிப்பிடாத இடங்களில் நியூசிலாந்தின் ரேடியேட்டா பைனைத்தான் சொல்கிறோம். கலிபோர்னியா கடற்கரையிலிருந்து 1850-களில் அங்கே போன மரம் அது. இன்று அந்நாட்டுத் தோட்டக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். 1950-களின் தொடக்கத்தில் ரொட்டோருவாவில் ஆரம்பித்த இனவிருத்தி வேலை தலைமுறை தலைமுறையாக அளவெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. மரத்தில் எது வழிவழியாக வரும், எது வராது என்று பேச அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

ரொட்டோருவா பக்கம் காடு வெட்டும் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். 28 வயதுத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் ஒரு பைன் நிற்கிறது. மற்ற மரங்களைவிட நெஞ்சளவு விட்டம் 12 செ.மீ. கூடுதல். அதன் கூம்புகளைப் பறித்து விதைத்தால் பிள்ளைகளும் அதே பருமனுக்கு வருமா?
— வாசகர், நியூசிலாந்து

வராது. உங்கள் கேள்வியிலேயே முதல் காரணம் இருக்கிறது: அது ஓரத்து மரம். ஒரு பக்கம் முழு வெயில், வேருக்குப் போட்டியில்லாத மண். உள்ளே நெருக்கத்தில் நிற்கும் மரத்தோடு அதை ஒப்பிட்டால் மரத்தை ஒப்பிட்டதாகாது, இடத்தைத்தான் ஒப்பிட்டதாகும். வெளிச்சம் பார்த்த பக்கத்தில் கிளைகளும் தடித்திருக்கும். அறுத்தால் பெரிய பெரிய கணுக்கள்.

சரி, நட்ட நடுக் காட்டிலேயே அப்படி ஒரு மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தைப் பொறுத்தவரை மரங்களுக்கிடையே காணும் வேற்றுமையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் சந்ததிக்குக் கடக்கக்கூடியது. 12 செ.மீ. கூடுதலில் அந்த மரத்தின் 'இனப்பெருக்க மதிப்பு' என்று எதிர்பார்க்கக்கூடியது 2.4 செ.மீ. அதிலும் தாய் பாதியைத்தான் தருகிறது. மறுபாதி காற்றில் வந்த மகரந்தம். அந்தத் தகப்பன் தோட்டத்தின் சராசரி மரமாகத்தான் இருக்கும். ஆகவே பிள்ளைகள் சராசரியைவிட 1.2 செ.மீ. கூடுதலாக வந்தால் கணக்குச் சரி. பத்தில் ஒரு பங்கு.

தனியாக நிற்கும் மரமென்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சுற்றிலும் மகரந்தம் குறைவாக இருந்தால் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும். பைனில் அப்படி உண்டாகும் கருக்களில் பெரும்பாலானவை விதைக்குள்ளேயே மடியும். பிழைப்பவை குட்டையாக, வீரியமில்லாமல் வளரும். கூம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெட்டு முகத்தில் வெள்ளைப் பருப்புள்ள விதைகளைவிடப் பதர் அதிகமாக இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடலாம்.

1950-ல் முதல் தேர்வு மரங்களைத் தேடியவர்கள் தடித்த மரத்தை மட்டும் தேடவில்லை. ஒரே வயது, ஒரே மண், ஒரே நெருக்கம் உள்ள பக்கத்து மரங்களோடு ஒப்பிட்டார்கள். தண்டு நேராக இருக்க வேண்டும், நுனி கவை விடக்கூடாது, கிளை மெல்லிதாகவும் தண்டுக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும், ஊசியிலையில் நோய் இருக்கக்கூடாது. இவ்வளவு பார்த்து எடுத்த மரங்களையும் சந்ததிச் சோதனை, அதாவது அவற்றின் பிள்ளைகளை நட்டு அளந்து பார்ப்பது, முடியும்வரை அவர்கள் முழுதாக நம்பவில்லை. அந்தச் சோதனையில் பல மரங்கள் தோற்றன. கண்ணுக்கு அழகாக இருந்ததும் பிள்ளைக்குக் கொடுத்ததும் ஒன்றாக இல்லை.

மேட்டுப்பாளையத்தில் வனவியல் படிக்கிறேன். விட்டத்தின் மரபுவழித் திறன் 0.2, மர அடர்த்தியின் மரபுவழித் திறன் 0.6 என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் விட்டத்தில் 20 சதவீதம்தான் மரபணுவால் வருகிறதா? இவ்வளவு குறைந்த பண்பில் தேர்வு செய்து என்ன கிடைக்கும்?
— மாணவர், கோவை மாவட்டம்

ஒரு மரத்தின் 30 செ.மீ. விட்டத்தில் 6 செ.மீ. மரபணுவுடையது, 24 செ.மீ. மண்ணுடையது என்று பிரிக்க முடியாது. மரபுவழித் திறன் என்பது ஒரு கூட்டத்தில் மரத்துக்கு மரம் உள்ள வேற்றுமையைப் பற்றிய எண். அந்த வேற்றுமையில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கூட்டல் முறையில் கடக்கும் பங்கு எவ்வளவு என்பதே அது. அது மரத்தின் நிரந்தரக் குணமும் அல்ல. அதே குடும்பங்களை மேடு பள்ளமான, களை மண்டிய நிலத்தில் நட்டால் சூழல் வேற்றுமை பெருகி எண் 0.1-க்கு இறங்கும். சீராக உழுது, ஒரே தரக் கன்றாக நட்டால் ஏறும்.

இரண்டாவது கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். எட்டு வயதுச் சோதனைத் திடல் ஒன்றில் சராசரி விட்டம் 20 செ.மீ., திட்ட விலக்கம் 3.5 செ.மீ. என்று கொள்ளுங்கள். அடர்த்தி சராசரி ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ, திட்ட விலக்கம் 25 கிலோ. மேலே உள்ள பத்து சதவீத மரங்களை எடுத்தால் தேர்வுச் செறிவு சுமார் 1.75, அதாவது எடுத்த மரங்களின் சராசரி மொத்தச் சராசரியைவிட அத்தனை திட்ட விலக்கம் மேலே. விட்டத்தில் முன்னேற்றம் 1.75 × 3.5 × 0.2 = 1.2 செ.மீ., அதாவது 6 சதவீதம். அடர்த்தியில் 1.75 × 25 × 0.6 = 26 கிலோ, அதாவது ஆறரை சதவீதம். தாய், தகப்பன் இரண்டையும் தேர்ந்தெடுத்தால்தான் இந்த அளவு. தாயை மட்டும் தேர்ந்தெடுத்தால் பாதி.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததைக் கவனியுங்கள். விட்டத்தில் மரபுவழித் திறன் குறைவுதான், ஆனால் மரத்துக்கு மரம் வேற்றுமை அதிகம். அடர்த்தியில் திறன் அதிகம், வேற்றுமை குறைவு. கன அளவு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் விட்டத்தில் 6 சதவீதம் என்பது மரக்கனத்தில் 12 சதவீதத்துக்கு மேல். எனவே 0.2 என்ற எண்ணைக் கண்டு பண்பை ஒதுக்க வேண்டாம். அந்த எண் சொல்வது வேறொன்று: அந்த மரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே, அதன் பிள்ளைகளைப் பார்.

பிள்ளைகளைப் பார்ப்பதில் எவ்வளவு லாபம் என்பதற்கும் ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. தாய் ஒன்று, தகப்பன் வெவ்வேறு என்று உள்ள அரை உடன்பிறப்புகள் n மரங்களை அளந்தால், தாயின் மதிப்பீட்டின் நம்பகம் n ÷ (n + k). இதில் k என்பது (4 − மரபுவழித் திறன்) ÷ மரபுவழித் திறன். திறன் 0.2 என்றால் k = 19. பத்துப் பிள்ளைகளுக்கு நம்பகம் 0.34, முப்பதுக்கு 0.61, நூறுக்கு 0.84. தாயை மட்டும் அளந்தால் அது வெறும் 0.2. பத்திலிருந்து முப்பதுக்குப் போவதில் உள்ள லாபம் முப்பதிலிருந்து நூறுக்குப் போவதில் இல்லை. திடலுக்குக் குடும்பத்துக்கு முப்பது மரம் என்ற வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. மிச்சமாகும் கன்றுகளை அதே இடத்தில் குவிக்காமல் வேறு மண், வேறு மழையுள்ள இன்னும் இரண்டு மூன்று இடங்களில் நடுவது மேல்.

நீங்கள் செய்முறைத் திடல் போட்டால் கவனிக்க வேண்டியவை சில. ஒரு குடும்பத்து முப்பது மரங்களையும் ஒரே பாத்தியில் நடாதீர்கள். அந்த மூலையில் மண் ஆழமாக இருந்தால் குடும்பம் ஜெயித்ததாகத் தோன்றும். திடலைப் பல பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் குடும்பத்துக்கு ஒரே ஒரு மரம், குலுக்கல் முறையில் இடம். சுற்றிலும் இரண்டு வரிசை காப்பு மரம், அவற்றை அளக்கக் கூடாது. செத்த கன்றுக்குப் பதில் கன்று நட்டால் பதிவேட்டில் குறித்து, அளவிலிருந்து நீக்கிவிட வேண்டும். மூன்று நான்கு வயதில் எடுக்கும் விட்டம் பெரும்பாலும் நாற்றங்கால் தரத்தையும் களை எடுப்பையும்தான் காட்டும். ரேடியேட்டாவில் ஏழு எட்டு வயதில் அளந்து, 28 வயது அறுவடைக்கான தேர்வைச் செய்கிறார்கள்.

இன்னொன்று. காற்று மகரந்தத்தில் வந்த குடும்பங்களைச் சுத்தமான அரை உடன்பிறப்பு என்று எடுத்துக்கொண்டு, குடும்பங்களுக்கிடையேயான மாறுபாட்டை நான்கால் பெருக்கச் சொல்வார்கள் பாடத்தில். நிஜத்தில் அதற்குள் தன் மகரந்தப் பிள்ளைகளும், பக்கத்து உறவு மரத்தின் பிள்ளைகளும், ஒரே தகப்பனுக்குப் பிறந்த முழு உடன்பிறப்புகளும் கலந்திருக்கும். நான்கால் பெருக்கினால் எண் வீங்கிவிடும். மூன்று, இரண்டரை என்று குறைத்துப் பெருக்குவதே அனுபவமுள்ளவர்கள் வழக்கம்.

தூத்துக்குடியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் இறங்கும் நியூசிலாந்து பைன் கட்டையை அறுத்து ரீப்பரும் பலகையும் போடுகிறோம். ஒரே கட்டையில் வெளிப்பக்கத்துப் பலகை நேராக நிற்கிறது, நடுப்பக்கத்துப் பலகை காய்ந்ததும் முறுக்கிக்கொள்கிறது. இது மர ஜாதியின் குற்றமா, அறுப்பில் குற்றமா?
— வாசகர், தூத்துக்குடி

அறுப்பில் குற்றமில்லை. மரம் தன் இளமையில் போட்ட உட்பகுதி அது. ரேடியேட்டாவில் நெட்டியை, அதாவது தண்டின் நடு மையத்தை, சுற்றி முதல் பத்து வளையங்கள் வரை உள்ள பகுதியில் அடர்த்தி குறைவு, விறைப்பு குறைவு. அங்கே நார் தண்டுக்கு நேராக ஓடாமல் இடப்பக்கம் சாய்ந்து சுற்றிச் சுற்றி ஏறும். இந்தத் திருகு நார் நெட்டியருகே சராசரியாக நான்கைந்து பாகை இருக்கும். வெளியே போகப் போகக் குறையும். ஐந்து பாகையைத் தாண்டிய பலகை காயும்போது முறுக்கும். இதே நடுப்பகுதியில் நீளவாக்கிலும் சுருக்கம் அதிகம். சாதாரண மரம் நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருங்கும். நெட்டி மரமும், சாய்ந்த தண்டின் அடிப்பக்கத்தில் உண்டாகும் அழுத்த மரமும் ஒரு சதவீதம்வரை போகலாம். பலகையின் ஒரு விளிம்பு அப்படியும் மறு விளிம்பு இப்படியும் இருந்தால் வில்லாக வளையும்.

மர ஜாதியின் பங்கும் இதில் உண்டு. திருகு நாரின் அளவு மரத்துக்கு மரம் வேறுபடுகிறது. அந்த வேற்றுமை நன்றாகவே வழிவழியாகக் கடக்கிறது, விட்டத்தைவிட மிக அதிகமாக. எனவேதான் விதையின் தர மதிப்பீட்டில் திருகு நாருக்கும் தனி எண் தரத் தொடங்கினார்கள். விறைப்பும் அப்படியே. நிற்கும் மரத்தில் இரண்டு ஊசிகளை அடித்து, ஒன்றைச் சுத்தியால் தட்டி ஒலி மறு ஊசிக்குப் போகும் வேகத்தை அளப்பார்கள். வேகத்தின் வர்க்கத்தைப் பச்சை மரத்தின் அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு வரும். நொடிக்கு 3 கி.மீ. வேகம், கன மீட்டருக்கு 1000 கிலோ என்றால் 9 கிகாபாஸ்கல். ஒரு மரத்துக்குச் சில நிமிடங்களே ஆவதால் ஆயிரக்கணக்கான சோதனை மரங்களை இப்படித் தட்டிப் பார்க்க முடிகிறது.

இதில் ஒரு சிக்கல் வெகுகாலம் கவனிக்கப்படாமல் போனது. வேகமாகப் பருக்கும் மரத்தில் அடர்த்தி குறையும் போக்கு மரபணு மட்டத்திலேயே இருக்கிறது. தொடக்கத்தில் வளர்ச்சியையும் நேர்த்தண்டையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அறுவடை வயதும் இறங்கிக்கொண்டே வந்து இப்போது 26 முதல் 30 வரை நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் கட்டையில் நெட்டிப் பகுதியின் பங்கு கூடும். உங்கள் பட்டறையில் முறுக்கும் பலகைக்கு விதை, நடவு இடைவெளி, வெட்டும் வயது மூன்றும் பொறுப்பு.

நீங்கள் செய்யக்கூடியது: கட்டையின் தலைப்பக்கத்தில் வளையத்தின் வளைவைப் பாருங்கள். வளைவு சின்ன வட்டமாக, வளையம் அகலமாக இருந்தால் அது நெட்டிப் பலகை. அதைப் பெட்டிக்கும் பேலட்டுக்கும் ஒதுக்குங்கள், கதவுச் சட்டத்துக்கு வேண்டாம். பலகை முகத்தில் கூரான ஊசியை லேசாக அழுத்தி இழுத்தால் அது நார் போகும் வழியே போகும். ஒரு மீட்டர் நீளத்தில் 9 செ.மீ. விலகினால் ஐந்து பாகை. அடுக்கும்போது குறுக்குச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வைத்து, அடுக்கின் தலையில் பாரம் ஏற்றுங்கள். நியூசிலாந்தில் மரம் காயவைக்கும் சூளையில் சதுர மீட்டருக்கு அரை டன் முதல் ஒரு டன்வரை கான்கிரீட் பாளத்தை ஏற்றுகிறார்கள். நெட்டிப் பலகையை அடுக்கின் அடியில் போட்டால் மேலுள்ள பலகைகளின் எடையும் சேர்ந்து அமுக்கும்.

எங்கள் பக்கம் மலைச் சரிவுகளில் பைனஸ் மரத்தில் பிசின் எடுக்கிறார்கள். ஒரு மரம் சட்டி நிறையத் தருகிறது, பக்கத்து மரம் அரைச் சட்டியும் தருவதில்லை. இந்தக் குணம் விதையில் வருமா?
— வாசகர், பதுளை, இலங்கை

வரும், நன்றாகவே வரும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஒலஸ்டி ஆய்வு நிலையத்தில் 1940-களிலிருந்து ஸ்லாஷ் பைனில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்து மரங்களைவிட இரண்டு மடங்கு பிசின் தந்த மரங்களைத் தேடி, ஒன்றோடொன்று கலந்து, பிள்ளைகளை அளந்தார்கள். பிசின் அளவின் மரபுவழித் திறன் பாதி அளவுக்கு வந்தது. வளர்ச்சிப் பண்புகளில் கிடைக்காத எண் அது. உங்கள் பக்கத்தில் உள்ளது கரீபியன் பைன். ஸ்லாஷ் பைனுக்கு நெருங்கிய உறவு.

ஆனால் எந்த மரம் நல்ல மரம் என்று சொல்லும் முன், விட்டம், இலைக்குடையின் அளவு, வெட்டு முகத்தின் அகலம், தடவும் அமிலப் பசை, வடியவிடும் நாட்கள் இவை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய குடையுள்ள மரம் இயல்பாகவே அதிகம் வடிக்கும். ஒரே விட்டமுள்ள பத்துப் பன்னிரண்டு அயல் மரங்களின் சராசரியோடு எடைபோட்டுப் பாருங்கள், சட்டி நிறைந்ததா என்று கண்ணால் அல்ல.

இருக்கும் மரங்களுக்கு இதனால் எதுவும் ஆகப்போவதில்லை, புதிதாக நடும்போதுதான் பயன். உங்கள் மலைகளில் புதிதாகப் பைனஸ் நடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சிங்கராஜ வனத்தின் விளிம்பில் பைனஸ் நிரைகளுக்கிடையே சில வரிசைகளை நீக்கி, அந்த வெளிச்சத்தில் உள்ளூர் மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். அந்த வழியே நல்லது.

கேன்டர்பரியில் நாற்றங்கால் வேலை. ஒரே குடும்ப விதையில் முளைத்த நாற்றும், குச்சி வெட்டி வேர்விட வைத்த கன்றும் விற்கிறோம். மரபணு ஒன்றுதானே, பிறகு ஏன் வளர்ந்தபின் தண்டின் அமைப்பு வேறாக இருக்கிறது? அதோடு, பை கட்டி மகரந்தம் போட்ட விதைக்கு ஏன் இவ்வளவு விலை?
— வாசகர், நியூசிலாந்து

முதல் கேள்விக்கு விடை வயது. குச்சி எடுத்த செடியின் வயது கன்றோடு கூடவே வருகிறது. மூன்று நான்கு வயதுச் செடியின் குச்சியில் வந்த கன்று, விதை நாற்றைவிட நேராக, கவை குறைவாக, மெல்லிய கிளையோடு வளரும். விலையாக விட்டத்தில் கொஞ்சம் இழக்கும். இன்னும் வயதான மரத்தில் எடுத்தால் வேர் பிடிப்பதே அரிது, பிடித்தாலும் வளர்ச்சி மந்தம். மரபணு வரிசை மாறவில்லை, அது இயங்கும் பருவம் மாறிவிட்டது. இதைப் பிள்ளைக்குக் கடத்த முடியாது. அந்தக் கன்று பெரிதாகிக் காய்க்கும் விதையில் வயது மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். எனவே சோதனைத் திடலில் நாற்றையும் குச்சிக் கன்றையும் கலந்து நட்டுக் குடும்பங்களை ஒப்பிட்டால் முடிவு தப்பாகும்.

குச்சி எடுக்கும் தாய்ச்செடிகளைத் தொடர்ந்து தாழக் கவாத்துச் செய்வது வயதேறாமல் தடுக்கத்தான். இருந்தும் சில ஆண்டுகளில் அவற்றைக் கழித்துப் புது விதையில் தொடங்க வேண்டியிருக்கும். நிரந்தரமாக இளமையில் நிறுத்த ஒரே வழி, விதைக்கருவிலிருந்து வளர்த்த திசுவைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் வைப்பது. அந்தத் திசுவில் நகலாக வளர்த்த கன்றுகளை (குளோன்) திடலில் எட்டு வருடம் சோதித்து, ஜெயித்ததை மட்டும் வெளியே எடுத்துப் பெருக்கலாம்.

விலைக்கு வருவோம். திறந்த விதைத்தோட்டத்தில் தாயைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். வெளியிலிருந்து காற்றில் வரும் மகரந்தம் பெரும் பங்கு கலந்துவிடும், கலந்த அளவுக்கு முன்னேற்றம் கரையும். பை கட்டினால் இரண்டு பக்கமும் நம் கையில். ஆகஸ்டில் பெண் கூம்பு மொட்டுச் செதிலை விட்டு எட்டிப் பார்க்கும் முன்பே கிளை நுனியில் காற்றுப் புகும், மகரந்தம் புகாத துணிப்பையைக் கட்ட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் முழு வேலையும் வீண். தகப்பன் மரத்தின் ஆண் கூம்புகளைத் தூள் உதிரும் தறுவாயில் பறித்து, உலர்த்தி, சலித்து, ஈரம் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்தபின் உறைநிலையில் சேமிப்பார்கள். ஈரம் மிஞ்சினால் மகரந்தம் கட்டிப்பட்டுச் செத்துவிடும். கூம்புச் செதில்கள் விரிந்து நிற்கும் நாட்களில் பைக்குள் ஊசி வழியாக இரண்டு மூன்று முறை தூவ வேண்டும். செதில் மூடியதும் பையைக் கழற்ற வேண்டும். விட்டுவைத்தால் உள்ளே வெப்பம் ஏறித் தளிர் கருகும். பிறகு சூல் கொள்ளவே ஓராண்டுக்கு மேல், விதை முற்ற இரண்டு ஆண்டுக்கு மேல். அதற்குள் புயலில் ஒடியும் கிளைகளும் உண்டு. இவ்வளவு செலவான விதையை நேராக நட யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் அந்த விதையில் வந்த தாய்ச்செடியிலிருந்து குச்சி வெட்டிப் பெருக்குகிறீர்கள்.

விலைச்சீட்டில் விதையின் தரத்தைக் காட்டும் ஜி.எஃப். எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய எண் வளர்ச்சியையும் தண்டு அமைப்பையும் சேர்த்துக் கட்டியது. அதில் அடர்த்தி தெரியாது. 1990-களின் இறுதியில் வந்த ஜி.எஃப். பிளஸ் முறையில் வளர்ச்சி, நேர்த்தண்டு, கிளை, ஊசியிலைக் கருகல் எதிர்ப்பு, அடர்த்தி, திருகு நார் ஒவ்வொன்றுக்கும் தனி எண். வாங்குபவருக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள். கட்டுமான மரத்துக்கு நடுபவர் வளர்ச்சி எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் 28 வருடம் கழித்துத்தான் வருந்துவார்.

ஒரு நாட்டின் காடு முழுவதும் ஒரே மரம், அதுவும் தேர்ந்தெடுத்த சில தாய்களிலிருந்து. ஒரு நோய் வந்தால் அத்தனையும் போகாதா?
— வாசகர், சென்னை

இந்தப் பயம் நியாயமானது. ரேடியேட்டாவுக்கு இயற்கை வாழிடம் மொத்தமே ஐந்து இடங்கள். கலிபோர்னியாவில் ஆனோ நுவேவோ, மான்டரே, கேம்ப்ரியா. மெக்சிகோவின் குவாடலூப், செட்ரோஸ் தீவுகள். நியூசிலாந்து மரங்கள் பெரும்பாலும் ஆனோ நுவேவோ, மான்டரே இரண்டின் வழிவந்தவை. தீவு மரங்களில் கொத்துக்கு மூன்று ஊசிக்குப் பதில் இரண்டு ஊசி. குவாடலூப் மரத்தின் அடர்த்தி மற்றவற்றைவிடக் கூடுதல். அந்தத் தீவில் ஆடுகள் நாற்றுகளை எல்லாம் மேய்ந்துவிட, சில நூறு கிழ மரங்கள்தான் மிஞ்சின. ஆடுகளை அகற்றியபின் இப்போது இளங்கன்றுகள் எழுகின்றன. நல்ல வேளையாக 1978-ல் ஐந்து இடங்களிலும் விதை சேகரித்து ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நட்டு வைத்தார்கள். இன்று அடர்த்திக்காகவும் நோய் எதிர்ப்புக்காகவும் அந்த நடவுகளுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

இரண்டு கூட்டங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இனவிருத்திக் கூட்டம் சில நூறு பெற்றோர் கொண்டது. அதை வேண்டுமென்றே அகலமாக வைத்திருப்பார்கள். விதைக்காகப் பயன்படும் தோட்டத்தில்தான் இருபது முப்பது மேல்தர மரங்கள் இருக்கும். பின்னது குறுகலாக இருந்தாலும் அடுத்த தலைமுறையில் மாற்றலாம், முன்னது குறுகினால் திரும்ப வழியில்லை. ஒரே குளோனை ஒரு மலை முழுக்க நடுவதும் தவறு. பல குளோன்களைத் தொகுதியாகவோ கலந்தோ நட வேண்டும்.

நோய் எதிர்ப்பு எப்படிக் கடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊசியிலைக் கருகல் நோய் 1960-களில் நியூசிலாந்துக்கு வந்தது. இளமரங்களுக்கு விமானத்திலிருந்து தாமிர மருந்து தெளிக்கிறார்கள். அதற்கான எதிர்ப்பு பல மரபணுக்களின் சிறு சிறு பங்களிப்பு. எந்த மரமும் முழுதாகத் தப்புவதில்லை, ஆனால் எதிர்ப்புள்ள குடும்பங்களில் பாதிப்பு குறைவாக இருந்து தெளிப்புச் செலவு இறங்குகிறது. அங்குள்ள நோய்ப் பூஞ்சையில் ஒரே ஒரு இணைவகைதான் (ஆண், பெண் போல ஒன்றோடொன்று கூட வேண்டிய இரண்டில் ஒன்று) இருப்பதால் அது பால்வழிக் கலப்பில் புது வீரியம் பெறவில்லை. இன்னொரு வகை எல்லை தாண்டி வந்தால் நிலைமை மாறிவிடும்.

ஒற்றை மரபணு எதிர்ப்பு வேறு மாதிரி. வட அமெரிக்காவின் சுகர் பைனில் கொப்புளத் துருநோயை அடியோடு தடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது. பெற்றோரில் ஒன்றிடம் ஒற்றைப் பிரதியாக இருந்தால் பிள்ளைகளில் பாதிக்கு அப்படியே வரும், பாடப்புத்தக மெண்டல் கணக்கு. ஆனால் அதை முறியடிக்கும் துருப் பூஞ்சை கலிபோர்னியாவில் தோன்றியதும் அந்த மரங்கள் நிராயுதபாணி ஆயின. ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் மரத்துக்குப் பல மரபணு எதிர்ப்பே பாதுகாப்பு. கிடைக்கும் முன்னேற்றம் மெதுவாக இருந்தாலும் சரி.

டி.என்.ஏ. பார்த்தே நாற்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்களே, இனிச் சோதனைத் திடல் தேவையில்லையா?
— வாசகர், திருச்சி

தேவை. மரபணுத் தேர்வுக்கு முதலில் ஒரு பயிற்சிக் கூட்டம் வேண்டும்: ஆயிரக்கணக்கான மரங்களைத் திடலில் அளந்து, அதே மரங்களின் டி.என்.ஏ. குறிகளையும் படித்து, இரண்டையும் இணைத்துச் சமன்பாடு கட்டுவார்கள். அதன்பின் நாற்றங்காலில் ஒரு ஊசியிலையைக் கிள்ளி மதிப்பைக் கணிக்கலாம். எட்டு வருடக் காத்திருப்பு மிச்சம். ஆனால் தலைமுறை நகர நகர, பயிற்சிக் கூட்டத்தோடு உறவு தூரமாகி, கணிப்பு மங்கும். புதிய திடல் போட்டுச் சமன்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும். திடலில் விட்டத்தைத் தவறாக அளந்தவருக்கு எந்தக் குறியும் உதவாது.

பைனின் மரபணுத் தொகுதி மிகப் பெரியது. 2014-ல் வெளியான லாப்லாலி பைனின் தொகுதி சுமார் 2,200 கோடி எழுத்துகள், மனிதனுடையது 300 கோடி. அதைப் படிக்க உதவியது விதைக்குள் கருவைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பருப்பு. அது தாயின் பாதித் தொகுதியை மட்டும் கொண்டது, தகப்பன் பங்கு கலக்காதது. ஒரே விதையில் பருப்பையும் கருவையும் தனித்தனியாகப் பரிசோதித்தால் தகப்பன் தந்தது எது என்று கழித்துக் கண்டுபிடிக்கலாம். பைனில் பசுங்கணிகம் (பச்சையம் உள்ள, தனக்கென டி.என்.ஏ. கொண்ட நுண்ணுறுப்பு) தகப்பன் வழியாக வருவது இன்னொரு வசதி. விதைத்தோட்டத்தில் வெளி மகரந்தம் எவ்வளவு கலந்தது, பை கட்டிய விதைக்குச் சீட்டில் உள்ள தகப்பன்தான் உண்மையான தகப்பனா என்று இவற்றால் சொல்லிவிட முடியும். இன்றைக்கு டி.என்.ஏ. சோதனையால் உடனடியாகக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். ஒட்டுக்கன்றுகளில் பெயர்ச்சீட்டு மாறிப்போவது எல்லாத் தோட்டங்களிலும் நடப்பது. சீட்டு மாறிய ஒரு மரம் அந்தக் குடும்பத்தின் எல்லாக் கணக்கையும் கெடுக்கும். புதிதாக விதைத்தோட்டம் தொடங்குபவர்கள் ஒட்டுக் கட்டிய முதல் வருடமே ஒவ்வொரு ஒட்டிலிருந்தும் மேல்கிளை ஊசி ஒன்றை எடுத்துச் சோதித்துவிடுங்கள். அடியில் துளிர்க்கும் வேர்க்கன்றின் ஊசியை எடுத்துவிடாதீர்கள், அது வேறு மரம்.